நளன் கதையைப் படிக்கச் சொல்லும் மாமியார் கையெழுத்தும் கேட்கிறார்

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வயது 34. தனியார் பள்ளியில் கணக்கு எழுதும் வேலை, மாதம் 14,000 ரூபாய் சம்பளம். ஒன்பது வயதில் மகள், ஆறு வயதில் மகன். கணவர் செல்போனில் ரம்மி ஆடத் தொடங்கி, லோன் ஆப்களிலும் தெரிந்தவர்களிடமும் வாங்கிய கடன் பதினொரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இவருடைய 22 பவுனில் 14 பவுன் அடகுக் கடையில் இருக்கிறது. ஏழு மாதத்துக்கு முன் ஒரு விடிகாலையில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது கிளம்பிப் போனவர் திரும்பவில்லை. ஓசூரில் ஏதோ கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார் என்று கேள்வி. தெரியாத எண்ணிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்து, பேசாமலே வைக்கப்பட்டிருக்கிறது.

இப்போது பிள்ளைகளோடு மாமியார் வீட்டில் இருக்கிறார். “எல்லாம் சனியின் வேலை” என்று மாமியார் சனிக்கிழமைதோறும் திருநள்ளாறுக்கு அழைத்துப் போகிறார். மாலையில் நளன் கதை படிக்கச் சொல்கிறார். “தமயந்தி காட்டில் கிடந்து தவித்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை, பொறுத்திருந்தாள், புருஷன் வந்தான்” என்பது அவருடைய பாடம். இதற்கிடையில் வீட்டை அடமானம் வைத்துக் கடனை அடைக்க ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் பேசி வைத்திருக்கிறார். அதற்கு மருமகளின் சம்பளச் சான்றும் கையெழுத்தும் வேண்டுமாம். மீதி 8 பவுனையும் கேட்கிறார். வாசகியின் கேள்வி இது: “எனக்கு அவர் வேண்டும். கேஸ் போட்டால் நான் வைத்த நம்பிக்கை பொய்யாகிவிடாதா? தமயந்தி மாதிரி இருப்பதா, கோர்ட்டுக்குப் போவதா?”

அன்புள்ள சகோதரிக்கு,

கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் கையெழுத்து. போடாதீர்கள்.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, நான் சும்மா சாட்சி மாதிரிதானே என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. சம்பளச் சான்று கேட்கிறார்கள் என்றாலே உங்களை இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ சேர்க்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் பாதி உங்களுக்கு, பாதி அவருக்கு என்ற கணக்கு கிடையாது. முழுக் கடனையும் உங்கள் ஒருவரிடமே கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. தவணை நின்றால் வீடு ஏலத்துக்குப் போகும், அது பத்தாவிட்டால் உங்கள் மேல் வழக்கு வரும், உங்கள் சிபில் ஸ்கோரும் கெடும். பிறகு மகளின் கல்லூரிக் கடனுக்குக்கூட நீங்கள் ஜாமீன் நிற்க முடியாமல் போகலாம். இன்றைய தேதியில் உங்கள் கணவர் தன் பெயரில் வாங்கிய கடனில் ஒரு ரூபாயும் உங்கள் தலையில் இல்லை. மனைவி என்பதற்காகச் சட்டம் யாரையும் கடன்காரி ஆக்குவதில்லை. அந்தக் கையெழுத்து மட்டும்தான் ஆக்கும்.

மாமியார் கெட்ட எண்ணத்தில் கேட்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் காணாமல் போனது மகன். கடனை அடைத்துவிட்டால் பிள்ளை திரும்பி வந்துவிடுவான் என்று நம்புகிறார். ஆனால் ரம்மி ஆடுபவரின் கடனை வீட்டார் அடைத்து வைத்தால் அடுத்த கடனுக்கு வழி பிறக்கும் என்பதை இந்த மாதிரி வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

தமயந்தி உண்மையில் என்ன செய்தாள்

மாமியார் சொல்லும் கதையைப் பிடித்துக்கொண்டே பேசுவோம். நீங்கள் அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். மகாபாரதத்தின் வனபர்வத்தில் பிருகதசுவர் என்ற முனிவர் இதைத் தருமரிடம் சொல்கிறார். நாட்டையும் தம்பிகளையும் மனைவியையும் சூதில் தோற்றுவிட்டுக் காட்டில் உட்கார்ந்து, என்னைப் போல் துர்பாக்கியசாலி உண்டா என்று புலம்பியவர் தருமர். அவருக்குச் சொன்ன கதை இது. சூதாடியவருக்குச் சொன்னதை எடுத்து, வீட்டில் அடுப்பெரிக்கும் மனைவிக்கு உபதேசமாக வைத்துவிட்டோம்.

இன்னொன்று, நளனைப் பிடித்தது வியாசர் சொல்லும் கதையில் கலிபுருஷன், சனி இல்லை. புகழேந்தியின் நளவெண்பாவிலும் காண்டங்களின் பெயரே கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்றுதான் இருக்கின்றன. நளனை விட்டுச் சனி விலகிய இடம் என்பது திருநள்ளாற்றுத் தலபுராணம். உங்களுக்கு அங்கே போனால் மனசு லேசாகிறது என்றால் தாராளமாகப் போங்கள். நள தீர்த்தத்தில் முழுகி, எள் தீபம் போட்டுவிட்டு வருவதை எந்த வக்கீலும் தடுக்கப்போவதில்லை. ஆனால் பரிகாரம் முடியும்வரை வேறு எதையும் செய்யக்கூடாது என்று கதையில் எங்கும் இல்லை.

தமயந்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்கிறார் மாமியார். கதையில் அவள் கேட்கிறாள், பலமுறை கேட்கிறாள். நளன் மாதக்கணக்கில் தன் சகோதரன் புட்கரனோடு சூதாடிக்கொண்டிருக்கும்போது, ஊர் மக்களும் அமைச்சர்களும் வாசலில் வந்து நிற்கிறார்கள், அவர்களைப் பாருங்கள் என்று அவனிடம் போய்ச் சொல்கிறாள். அவன் காதில் விழவில்லை. மறுபடி அமைச்சர்களை வரவழைக்கிறாள், அப்போதும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இனி இவன் நிறுத்த மாட்டான் என்று தெரிந்தவுடன் அவள் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லாம் தோற்று முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை. நளனின் தேரோட்டி வார்ஷ்ணேயனைக் கூப்பிட்டு, இரட்டைப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டு குண்டினபுரத்தில் என் பிறந்த வீட்டில் விட்டுவிடு, தேரையும் குதிரைகளையும் அங்கேயே விட்டுவிடு என்கிறாள். பிள்ளைகளும் பத்திரம், கொஞ்சம் சொத்தும் பத்திரம். அப்புறம்தான் அவள் கணவனோடு ஒற்றைத் துணியில் காட்டுக்குப் போகிறாள்.

நடுக்காட்டில், தூங்கும்போது பாதிச் சேலையை அறுத்துக்கொண்டு நளன் போய்விடுகிறான். அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்: மலைப்பாம்பு, தப்பெண்ணத்தோடு வந்த வேடன், யானைக் கூட்டம் மிதித்துச் சிதறடித்த வணிகர் கூட்டம். உயிர் தப்பிய வணிகர்கள், இந்தப் பைத்தியக்காரி சேர்ந்ததால்தான் இந்தக் கேடு என்று அவள் மேலேயே பழி போடுகிறார்கள். “உன் ராசிதான் என் பிள்ளையை விரட்டியது” என்று உங்கள் நாத்தனார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அது தமயந்தியும் கேட்ட பேச்சுதான்.

சேதி நாட்டு அரண்மனையில் ராஜமாதா அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அழுக்குச் சேலையோடு தெருப்பிள்ளைகள் பின்னால் ஓடிவர நிற்பவள், அந்த நிலையிலும் நிபந்தனை போடுகிறாள்: எச்சில் சோறு சாப்பிட மாட்டேன், யார் காலையும் கழுவ மாட்டேன், என்னிடம் தப்பாக நடப்பவனைத் தண்டிக்க வேண்டும், கணவனைத் தேடிப் போகும் அந்தணர்களை மட்டும் நான் பார்த்துப் பேச வேண்டும். இதற்கெல்லாம் சம்மதம் என்றால் இருக்கிறேன் என்கிறாள். நான் படித்த எத்தனையோ வேலை ஒப்பந்தங்களை விட இது தெளிவாக இருக்கிறது.

பிறந்த வீட்டுக்கு வந்த பிறகும் அவள் விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்காரவில்லை. நாலா பக்கமும் ஆள் அனுப்பித் தேடினாள். “சூதாடியே, பாதிச் சேலையை அறுத்துக்கொண்டு, காட்டில் தூங்குகிறவளை விட்டுவிட்டு எங்கே போனாய்” என்று ஊர் ஊராகச் சபைகளில் கேட்கச் சொன்னாள். கணவனைச் சூதாடி என்று ஊரறியக் கூப்பிடுவது அவள் பக்திக்குக் குறைவாகப் படவில்லை. அயோத்தியில் வாகுகன் என்ற தேரோட்டி இதற்குக் கண்ணீரோடு பதில் சொன்னான் என்று தேடிப் போன அந்தணர்களில் ஒருவரான பர்ணாதன் வந்து சொன்னதும், தாயிடம் மட்டும் கலந்து பேசி, தந்தைக்குத் தெரியாமல், அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: தமயந்திக்கு நாளை விடியலில் மறுபடி சுயம்வரம். அவ்வளவு தூரத்தை ஒரே நாளில் ஓட்டக்கூடிய சாரதி உலகத்தில் நளன் ஒருவன்தான். வந்தால் அவன்தான் நளன். அந்தச் சுயம்வரச் செய்தியைப் படித்தபோது உங்களுக்கு உறுத்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய நம்பிக்கையில் அது விரிசல் இல்லை. நம்பிக்கை இருந்ததால்தான் அவ்வளவு துணிந்து கண்ணி வைத்தாள்.

வழக்கு போட்டால் தாலி போய்விடுமா

உங்கள் கடிதத்தில் அடியோட்டமாக இருக்கும் பயம் இதுதான் என்று நினைக்கிறேன். கோர்ட்டுக்குப் போவதும் விவாகரத்தும் ஒன்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு. ஜீவனாம்சம் கேட்பது மனைவியாக இருந்துகொண்டு கேட்பது. உங்களை விவாகரத்து செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாது. இரண்டு வருடம் தொடர்ந்து கைவிட்டிருந்தால் அதைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம், அதுவும் நீங்கள் விரும்பினால்தான்.

முதல் வேலை, போலீஸ் நிலையத்தில் காணவில்லை என்று புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஏழு மாதமாகிவிட்டதே, இனி கொடுத்தால் சிரிப்பார்கள் என்று தயங்க வேண்டாம். அவர் எந்தத் தேதியில் போனார் என்பதற்கு ஒரு அரசுப் பதிவு வேண்டும். போலீஸ் கண்டுபிடித்தாலும் வயது வந்த ஆளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வர மாட்டார்கள். ஆனால் இருக்கும் இடம் தெரியவரும், நோட்டீஸ் அனுப்ப முகவரி கிடைக்கும்.

அடுத்தது ஜீவனாம்சம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவாக இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், ஓசூருக்கு அலைய வேண்டாம். நான் சம்பாதிக்கிறேனே, கேட்க முடியுமா என்கிறீர்கள். 14,000 ரூபாயில் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறார் என்று நீதிபதிகள் பொதுவாகச் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கான தொகை எப்படியும் தனி உரிமை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதற்கும் தயாராக இருங்கள். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், சீக்கிரம் போடுவது உங்களுக்கு லாபம்.

வீட்டை விட்டு வெளியே காலடி வைத்தால் திரும்ப வர முடியாது என்று மாமியார் சொன்னது சரியில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில், வீடு யார் பெயரில் இருந்தாலும், கணவரோடு குடும்பமாக வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை மருமகளுக்கு உண்டு. மாமனார், மாமியார் பெயரில் இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020-லும், அந்த நேரத்தில் அங்கே குடியிருக்காவிட்டாலும் உரிமை போகாது என்று 2022-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாலும் கதவு சாத்திவிடாது. ஆனால் இது குடியிருக்கும் உரிமை மட்டும், வீட்டில் பங்கு இல்லை. மூத்த குடிமக்கள் சட்டத்தில் மாமியாருக்கும் உரிமைகள் உண்டு. அவரோடு முழுச் சண்டைக்கு இறங்கினால் இரண்டு பக்கமும் வழக்கு என்று ஆகிவிடும். வசிப்பிட மனுவை இப்போதே போட வேண்டாம், அவர் வெளியேற்ற முயன்றால் போடுங்கள் என்பது என் யோசனை.

நகை விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். உங்கள் கல்யாணத்துக்குப் போட்ட 22 பவுனும் சீதனம், உங்கள் தனிச் சொத்து. கஷ்டத்தில் கணவர் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தர வேண்டும் என்று 2024-லும் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் உறுதியாகச் சொன்னது. மீதி 8 பவுனை உங்கள் பெயரில் மட்டும் வங்கி லாக்கர் எடுத்து வையுங்கள், அல்லது உங்கள் அம்மாவிடம் கொடுங்கள். அடகில் இருக்கும் 14 பவுனுக்குக் கடைக்காரரிடம் போய் எந்தத் தேதியில் வைத்தது, வட்டி எவ்வளவு, ஏலத் தேதி எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நகை என்னுடையது என்று ஒரு பதிவுத் தபாலும் அனுப்பிவிடுங்கள்.

லோன் ஆப் ஆட்கள்

ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்துவிட்டார்களே, கடனும் செல்லாதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது உண்மை. ஆனால் கடன் கொடுத்த கம்பெனி வேறு, ரம்மி நடத்திய கம்பெனி வேறு. கடன் அவர் பெயரில் நிற்கும், உங்களை அது தொடாது என்பதுதான் உங்களுக்கு ஆறுதல். கடன் வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் வாங்காத உங்களைத் திட்டுவது, பள்ளி வாட்ஸாப் குழுவில் படம் போடுவேன் என்று மிரட்டுவது எல்லாம் குற்றம். பதில் பேச வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

அவர் வந்தால்

கணவர் வேண்டும் என்ற உங்கள் ஆசையை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. அந்தத் தெரியாத எண் மறுபடி வந்தால் திட்டாதீர்கள், அழுது கெஞ்சவும் வேண்டாம். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். கடனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற வாக்குறுதி உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. உயிரை விட்டுவிடுவேன் என்கிற மாதிரி ஏதாவது பேசினால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். சூதாட்டத்தில் இவ்வளவு தோற்றவர்களுக்கு அந்த ஆபத்து நிஜம். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐச் சொல்லுங்கள், ஓசூர் முகவரி தெரிந்தால் போலீசுக்கும் உடனே சொல்லுங்கள்.

திரும்பி வந்து வாசலில் நின்றால்? தமயந்தி வாகுகனைப் பார்த்தவுடன் ஓடிப்போய்க் காலில் விழவில்லை. தோழி கேசினியை அனுப்பி, அவன் என்ன பேசுகிறான், எப்படி நடக்கிறான், தண்ணீரும் நெருப்பும் அவனிடம் எப்படி வருகிறது என்று கவனிக்கச் சொன்னாள். அவன் சமைத்த இறைச்சியில் ஒரு துண்டு வாங்கி வரச் சொல்லி ருசி பார்த்தாள், கணவன் கைப்பக்குவம் அவளுக்குத் தெரியும். பிள்ளைகளை அனுப்பி அவன் கண்ணைப் பார்க்கச் சொன்னாள். இத்தனைக்கும் அப்புறம் எதிரே நிறுத்தி, தூங்குகிற மனைவியைக் காட்டில் விட்டுப்போன தர்மவான் யாரையாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டாள். பதில் வாங்கிய பிறகுதான் சேர்ந்தாள்.

நீங்கள் கேட்க வேண்டியது: எல்லாக் கடனும் எழுதிய ஒரு பட்டியல், சிபில் அறிக்கை, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம். சம்பளம் உங்கள் கணக்குக்கு வர வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் சிகிச்சைக்கு அவரே நடந்து வர வேண்டும், சூதாட்ட அடிமைத்தனம் உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கும் ஒன்று. இதையெல்லாம் கேட்பதை அவர் அவமானம் என்று சொன்னால், இன்னும் தயாராகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நளன் கதையில் ஒரு பகுதியை மட்டும் உங்கள் வீட்டில் சத்தமாகப் படிக்க வேண்டாம். கடைசியில் நளன் சூதின் ரகசியத்தைக் கற்றுக்கொண்டு புட்கரனோடு மறுபடி ஆடி நாட்டை ஜெயிக்கிறான். இன்னும் ஒரே ஒரு ஆட்டம், விட்டதைப் பிடித்துவிடுவேன் என்று ரம்மி ஆடுகிற ஒவ்வொருவரும் சொல்வது இதைத்தான்.

வக்கீல் ஃபீஸ் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும், 15100-க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். போகும்போது கல்யாணப் பத்திரிகை, நகை தெரிகிற கல்யாண போட்டோக்கள், நகை ரசீது இருந்தால் அதுவும், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிக் கட்டண ரசீதுகள், உங்கள் சம்பளச் சான்று, ரேஷன் கார்டு, சி.எஸ்.ஆர். ரசீது, அடகுச் சீட்டு நகல் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த படிவத்தையும் கையெழுத்துப் போடாமல் அப்படியே கொண்டு போய்க் காட்டுங்கள். கூட ஒரு ஆள் வேண்டும் என்றால் உங்கள் அம்மாவை அழைத்துப் போங்கள். அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரைதான், பள்ளியில் அரை நாள் லீவு சொல்லிவிடுங்கள்.